விற்பனை வேகம்: ஒரு டீல் முடிய எத்தனை நாள் ஆகிறது என்று அளப்பது எப்படி?

"இந்த மாதம் எவ்வளவுக்கு விற்றோம்?" என்று கேட்டால் எந்த முதலாளியும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். "ஒரு என்கொயரி வந்து அது ஆர்டராக மாற எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "அது பார்ட்டியைப் பொறுத்தது, பத்து நாளும் ஆகும், மூன்று மாதமும் ஆகும்" என்பார். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அடுத்த மாதம் கையில் எவ்வளவு பணம் புழங்கும், இன்னொரு சேல்ஸ் ஆளை எடுக்கலாமா, சரக்கை இப்போதே வாங்கி வைக்கலாமா என்று முடிவு செய்ய அது போதாது.

இதற்காக இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று டீல் காலம்: ஒரு வாய்ப்பு, அதாவது வாங்கலாம் என்று விசாரித்து வந்த ஒரு பார்ட்டி, நம் கணக்கில் ஏறிய நாளிலிருந்து அது வெற்றியாகவோ தோல்வியாகவோ முடிகிற நாள் வரை எத்தனை நாள். இன்னொன்று விற்பனை வேகம்: சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய்க்கு ஆர்டர் வந்து சேர்கிறது. சிஆர்எம் (வாடிக்கையாளர், டீல் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) வைத்திருக்கும் நிறுவனங்களில் இந்த இரண்டும் டேஷ்போர்டின், அதாவது முக்கிய எண்களைக் காட்டும் திரையின், மேல் வரிசையிலேயே இருக்கும். பார்க்க எளிமையாக இருப்பதால் பலரும் இவற்றைத் தப்பாக அளந்து, தப்பாகப் படித்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

விற்பனை வேகத்துக்கான சூத்திரம் இது:

கையில் இருக்கும் வாய்ப்புகள் × ஒரு டீலின் சராசரி மதிப்பு × வெற்றி விகிதம் ÷ டீல் காலம்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் கூரை மேல் சோலார் பேனல் போட்டுத் தருகிற ஒரு சின்ன நிறுவனம். நிறுவனமும் அதன் எண்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் தொழிலின் போக்கு உண்மையானது. வீடுகளுக்கு 3 கிலோவாட் அளவில் போடுகிறார்கள். இப்போது 40 வீடுகள் பேச்சில் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய். முடிந்த டீல்களில் 30 சதவீதம் ஆர்டராகியிருக்கின்றன. ஒரு டீல் முடிய 20 நாள் ஆகிறது. 40-ஐ 2 லட்சத்தால் பெருக்கினால் 80 லட்சம். அதில் 30 சதவீதம் 24 லட்சம். 20 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,20,000 ரூபாய். அவ்வளவுதான் கணக்கு.

இதில் வெற்றி விகிதம் என்பது, வென்றவற்றை, வென்றவையும் தோற்றவையும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தது. இன்னும் பேச்சில் இருப்பவற்றை அதில் சேர்க்கக்கூடாது. அப்புறம், "கையில் இருக்கும் வாய்ப்புகள்" என்றால் ஒரு குறிப்பிட்ட நாளில் திறந்திருப்பவை. "இந்தக் காலாண்டில் புதிதாக வந்தவை" என்று எடுத்துவிட்டால் அதில் ஏற்கெனவே காலம் கலந்துவிடுகிறது. அதை மறுபடி நாட்களால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் எத்தனை திறந்திருக்கின்றன என்று குறித்து, அவற்றின் சராசரியை எடுப்பது என் பழக்கம்.

மற்ற மூன்று எண்களும் கணக்குப் புத்தகத்திலிருந்து ஓரளவு சரியாகவே வந்துவிடும். தகராறு வருவது நாலாவதில், அதாவது நாட்களில்.

எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை?

ஒருவர் திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் "3 கிலோவாட் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார். புதன்கிழமை நம் ஆள் போனில் பேசுகிறார். சனிக்கிழமை சைட் விசிட் போகிறார். அடுத்த வியாழக்கிழமை கொட்டேஷன் அனுப்பும்போதுதான் சிஆர்எம்மில் டீலைப் பதிகிறார். மென்பொருளுக்குத் தெரிந்த முதல் நாள் அந்த வியாழக்கிழமைதான். வாடிக்கையாளருக்கோ அதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சில சேல்ஸ் ஆட்கள் ஆர்டர் ஏறக்குறைய நிச்சயமான பிறகுதான் டீலைப் பதிவார்கள். தோற்றதாகக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்பது அவர்களுக்கு வசதி. அப்படிப் பதிந்தால் அவருடைய டீல் காலம் 4 நாள், வெற்றி விகிதம் 80 சதவீதம் என்று டேஷ்போர்டு காட்டும். வந்த என்கொயரியை அன்றன்றைக்கே நேர்மையாகப் பதிகிறவர் அவர் பக்கத்தில் மந்தமானவராகத் தெரிவார். எண்ணை வைத்து ஆட்களை மதிப்பிடும் முன் முதலாளி இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வந்த என்கொயரி வந்த அன்றே பதிவாக வேண்டும், யார் பதிந்தாலும் சரி. இந்த ஒரு விதி இல்லாமல் மேற்கொண்டு எதை அளந்தும் பயனில்லை.

பழைய எக்செல் ஃபைலை சிஆர்எம்மில் ஏற்றும்போதும் இதே சிக்கல் வரும். ஏற்றிய நாளையே எல்லா டீல்களுக்கும் "உருவாக்கிய தேதி" என்று மென்பொருள் எடுத்துக்கொண்டுவிடும். உண்மையான என்கொயரி தேதிக்கு என்று தனியாக ஒரு கட்டம் வைத்து, கணக்கை அதிலிருந்து போடுங்கள்.

முடிவு நாளிலும் குழப்பம் உண்டு. "சரி, போட்டுடலாம்" என்று வாயால் சொன்ன நாளா, பர்ச்சேஸ் ஆர்டர் வந்த நாளா, அட்வான்ஸ் வங்கியில் ஏறிய நாளா? வீட்டு டீலுக்கு அட்வான்ஸ் நாளும், மில் டீலுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் நாளும் பொருத்தம் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் எழுதி வைத்துவிட்டு, நடுவில் மாற்றாமல் இருக்க வேண்டும். மாற்றினால் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பல சிஆர்எம்களில் "முடிவுத் தேதி" என்ற கட்டத்தில் தொடக்கத்தில் இருப்பது எப்போது முடியும் என்ற எதிர்பார்ப்புத் தேதி. டீல் முடிந்ததும் அதை உண்மையான தேதிக்கு மாற்றினார்களா என்று பார்க்காமல் கணக்குப் போட்டால், நாம் அளப்பது சேல்ஸ் ஆளின் நம்பிக்கையைத்தான்.

தோற்ற டீல்களுக்குப் பெரும்பாலும் முடிவு நாளே இருக்காது. "பார்த்துச் சொல்றேன்" என்று போனவர் திரும்பி வருவதில்லை, யாரும் அதை மூடுவதும் இல்லை. நம் 40 வீடுகளில் 15 அப்படிப்பட்டவை என்றால் உண்மையில் கையில் இருப்பவை 25. வேகம் 1,20,000-லிருந்து 75,000-க்கு இறங்கிவிடும். மூடாமல் விட்ட 15-ஐத் தோல்வியில் சேர்த்தால் வெற்றி விகிதமும் இறங்கும். கொட்டேஷன் கொடுத்து 60 நாள் பதில் இல்லை என்றால் தோல்வி என்று மூடிவிடலாம். பிறகு அவரே கூப்பிட்டால் புது டீலாகத் திறந்துகொள்ளலாம்.

சராசரியா, இடைநிலையா?

ஏழு வீட்டு டீல்கள் முடிய ஆன நாட்கள் இப்படி: 9, 12, 14, 15, 18, 21, 128. கூட்டினால் 217, ஏழால் வகுத்தால் சராசரி 31. ஆனால் ஏழில் ஆறு பேருக்கு 31 நாள் ஆகவே இல்லை, எல்லாம் 21 நாளுக்குள் முடிந்துவிட்டன. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 15. இதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த இடைநிலை அளவு. புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் "பொதுவாக எத்தனை நாளில் முடியும்" என்று சொல்ல இடைநிலைதான் சரி.

அதற்காகச் சராசரியைத் தூக்கி எறிய முடியாது. வேகச் சூத்திரத்தில் போட வேண்டியது சராசரிதான், ஏனென்றால் அந்த 128 நாள் டீலும் அத்தனை நாள் நம் கையில் இடம் பிடித்துத்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி இடைநிலையைப் போல இரண்டு மடங்கு என்றால், எங்கோ சில டீல்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்று பொருள். அந்த 128-ஐத் திறந்து பார்த்தால் வங்கிக் கடன் தாமதமானது தெரியவரலாம். இல்லை, யாரோ முடிந்த டீலை மூட மறந்ததும் தெரியவரலாம்.

வீட்டையும் மில்லையும் கலக்காதீர்கள்

நம் நிறுவனம் மில்களுக்கும் சோலார் போடுகிறது. 12 மில்கள் பேச்சில் இருக்கின்றன, ஒன்றுக்குச் சராசரி 40 லட்சம், வெற்றி விகிதம் 25 சதவீதம், டீல் காலம் 120 நாள். 12 × 40 லட்சம் × 25 சதவீதம் என்றால் 1.2 கோடி. 120-ஆல் வகுத்தால் நாளைக்கு 1,00,000 ரூபாய். வீட்டு வியாபாரத்தின் 1,20,000-ஐச் சேர்த்தால் மொத்தம் 2,20,000.

இப்போது இரண்டையும் கலந்து ஒரே கணக்காகப் போடுவோம். மொத்தம் 52 வாய்ப்புகள், மொத்த மதிப்பு 560 லட்சம். வெல்லப்போவது 12 வீடும் 3 மில்லும், ஆக 52-ல் 15. சராசரி டீல் காலம் 43 நாள். சூத்திரத்தில் போட்டால் ஒரு நாளைக்கு 3,75,000 ரூபாய் என்று வருகிறது! இல்லாத ஒன்றரை லட்சம் தினமும் காகிதத்தில் முளைத்துவிட்டது. மில்லின் பெரிய தொகையும் வீட்டின் குறைந்த நாட்களும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதால் வந்த வினை இது. பெரும்பாலான டேஷ்போர்டுகள் முதலில் காட்டுவது இந்தக் கலந்த எண்ணைத்தான். வாடிக்கையாளர் வகை வாரியாகப் பிரித்து வேகத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு கூட்டுவதுதான் முறை.

பிரிக்க வேண்டிய காரணம் கணக்கு மட்டும் இல்லை, இரண்டும் வேறு வேறு தாளத்தில் நடக்கின்றன. வீட்டுக்காரர் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் கிடைக்கும் மானியத்தைப் பார்த்து வருகிறார். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் அதிகபட்சம் 78,000 ரூபாய். அவர் வீட்டில் பேசி ஒரு வாரத்தில் முடிவெடுத்துவிடுவார். மில்லில் ஆடிட்டர், வங்கி, பங்குதாரர்கள் என்று பல கை மாற வேண்டும். அங்கே முடிவை முடுக்கிவிடுவது வருமான வரிக் கணக்கில் வரும் தேய்மானம், அதாவது சொத்து பழசாவதற்காக லாபத்திலிருந்து கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளும் தொகை. சோலாருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் வரை தேய்மானம் காட்டலாம், ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதிதான். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் ஓடத் தொடங்க வேண்டும் என்று ஒரு அவசரம், மார்ச் முடிவதற்குள்ளாவது ஓடட்டும் என்று இன்னொரு அவசரம். நவம்பரில் வந்த என்கொயரி ஆறப்போட்டுப் பேசப்படுவதும், ஜூலையில் வந்தது விறுவிறுவென்று நகர்வதும் சேல்ஸ் ஆளின் திறமையால் மட்டும் இல்லை.

முடியாத டீல்களும் கணக்கில் உண்டு

புதிதாக ஒரு தொழிலில் இறங்கி மூன்று மாதம்தான் ஆகிறது என்று வையுங்கள். முடிந்த டீல்கள் எல்லாமே 90 நாளுக்குள்தான் இருக்க முடியும், அதற்கு மேல் ஆகும் டீல்கள் இன்னும் முடியவே இல்லையே. முடிந்தவற்றை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால், சீக்கிரம் முடிந்தவர்களை மட்டும் விசாரித்த மாதிரி ஆகும்.

மருத்துவ ஆய்வுகளில் இதே சிக்கல் உண்டு. ஆய்வு முடியும் நாளில் இன்னும் உயிரோடு இருக்கும் நோயாளிகளை எப்படிக் கணக்கில் எடுப்பது? இதற்கு 1958-ல் கப்லான், மெயர் என்ற இருவர் ஒரு முறை கொடுத்தார்கள், இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. நமக்கு அதன் எளிய வடிவம் போதும். ஜனவரியில் வந்த 20 மில் என்கொயரிகளைத் தனியாக எடுங்கள். 30 நாளில் 4 முடிந்தன, 60 நாளில் 9, 90 நாளில் 13, 120 நாளில் 16. பாதி, அதாவது 10, முடிந்தது 60 நாளைக் கொஞ்சம் தாண்டி. அப்படியானால் இடைநிலை 60 நாளுக்குச் சற்று மேலே. மீதி 4 இன்னும் திறந்திருந்தாலும் இந்த விடை மாறாது. வந்த மாதத்தை வைத்துக் கூட்டம் பிரித்துப் பார்க்கும் இந்த முறையைத்தான் அனலிட்டிக்ஸ் மென்பொருள்களில் கோஹார்ட் என்பார்கள். பிப்ரவரிக் கூட்டம், மார்ச் கூட்டம் என்று அடுக்கி வைத்தால், நாட்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும்.

நாளைக் குறைத்தால் பணம் கூடுமா?

சூத்திரத்தைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது இது: டீல் காலம் கீழே இருக்கிறது, அதைக் குறைத்தால் வேகம் ஏறும். 20 நாளை 15 ஆக்கினால் 24 லட்சத்தை 15-ஆல் வகுத்து, நாளைக்கு 1,60,000. நாற்பதாயிரம் லாபம்! விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இது பாதி உண்மைதான்.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள், ஒவ்வொருவரும் 15 நிமிடம் காத்திருக்கிறார்கள் என்றால் வரிசையில் எப்போதும் சுமார் 30 பேர் நிற்பார்கள். வரிசையின் நீளம் என்பது வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை 1961-ல் கணிதமாக நிரூபித்தார். லிட்டில் விதி என்றே அதற்குப் பெயர்.

நம் 40 வீடுகளும் ஒரு வரிசைதான். 40-ஐ 20 நாளால் வகுத்தால் நாளைக்கு 2 என்கொயரி வருகிறது என்று அர்த்தம். டீல் காலம் 15 நாளாகக் குறைந்து, என்கொயரி அதே 2 தான் வருகிறது என்றால், கையில் இருப்பவை 40 ஆகவே நிற்காது, 30 ஆகிவிடும். 30 × 2 லட்சம் × 30 சதவீதம் என்றால் 18 லட்சம், 15-ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 1,20,000 ரூபாய்!

அப்படியானால் நாளைக் குறைப்பது வீண்வேலையா? நிச்சயமாக இல்லை. ஆனால் பணம் வருவது வேறு வழிகளில். 40 வீடுகளைக் கவனித்த அதே ஆட்கள் இப்போது 30-ஐத்தான் கவனிக்கிறார்கள். மிச்சமான கையை வைத்துப் புது என்கொயரி தேடினால் வேகம் ஏறும். கொட்டேஷன் சீக்கிரம் போனால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகும் முன் பிடித்துவிடலாம், வெற்றி விகிதம் ஏறும். அட்வான்ஸ் ஐந்து நாள் முன்னால் வருவதால் கடன் வாங்கிச் சரக்கு எடுக்கும் தேவை குறையும். இந்த மூன்றில் எதுவும் நடக்கவில்லை என்றால், டீல் காலம் குறைந்தது டேஷ்போர்டுக்கு மட்டும்தான் அழகு. அதனால் டீல் காலத்தோடு நாளொன்றுக்கு எத்தனை என்கொயரி வருகிறது என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

எங்கே குறைப்பது என்று தெரிய, மொத்த நாட்களைக் கட்டம் கட்டமாக உடைக்க வேண்டும். நம் 20 நாளை உடைத்தால் என்கொயரியிலிருந்து சைட் விசிட் வரை 2 நாள், விசிட்டிலிருந்து கொட்டேஷன் வரை 7 நாள், கொட்டேஷனிலிருந்து வாடிக்கையாளர் சரி சொல்லும் வரை 8 நாள், சரி சொல்லி அட்வான்ஸ் ஏற 3 நாள் என்று வருகிறது. வாடிக்கையாளர் யோசிக்கும் 8 நாளில் நாம் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஆனால் கொட்டேஷன் தயாரிக்க ஆகும் 7 நாள் முழுக்க நம் பக்கத்து வேலை. இன்ஜினியர் ஒருவரே எல்லா வரைபடத்தையும் போடுகிறாரா, விலைக்கு முதலாளி கையெழுத்துக்குக் காத்திருக்கிறதா என்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

எந்த மென்பொருள்?

சென்னையில் வளர்ந்த ஜோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் ஆகட்டும், ஹப்ஸ்பாட், சேல்ஸ்ஃபோர்ஸ் ஆகட்டும், எல்லா சிஆர்எம்களிலும் டீல் எந்தக் கட்டத்துக்கு எந்த நாளில் மாறியது என்ற வரலாறு சேமிக்க வழி உண்டு. அதை ஜோஹோ அனலிட்டிக்ஸ், பவர் பிஐ, லுக்கர் ஸ்டுடியோ போன்ற ஒன்றில் இணைத்து வரைபடமாகப் பார்க்கலாம். மாதத்துக்கு முப்பது நாற்பது டீல் வரை என்றால் கூகுள் ஷீட்டே போதும். ஒரு டீலுக்கு ஒரு வரிசை. வாடிக்கையாளர் வகை, தொகை, என்கொயரி தேதி, சைட் விசிட் தேதி, கொட்டேஷன் தேதி, முடிவுத் தேதி, முடிவு, தோற்ற காரணம் என்று எட்டு பத்திகள். ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் நாட்கள் வந்துவிடும். ஆவரேஜ், மீடியன் என்ற இரண்டு ஃபங்ஷன்களும் வகை வாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும் தெரிந்தால் மேலே பார்த்த கணக்குகளில் பெரும்பகுதியைப் போட்டுவிடலாம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பது டீல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வீட்டுக் கணக்கை மாதாமாதம் பார்க்கலாம். மில் கணக்கில் 12-ல் 3 வென்றோம் என்பது, ஒன்று கூடி 4 ஆனால் வேகம் 1,33,000 ஆகும், ஒன்று குறைந்து 2 ஆனால் 67,000 ஆகும். ஒரே ஒரு மில் முதலாளியின் மனம் மாறினால் எண் மூன்றில் ஒரு பங்கு கூடியோ குறைந்தோ தெரியும் இடத்தில், மாதாந்திர ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடுவது நேர விரயம். அங்கே கடைசிப் பன்னிரண்டு மாதத்தைச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தேதிகளை மட்டும் அன்றன்றைக்கே குறித்துவிடுங்கள், கொட்டேஷன் எந்த நாளில் போனது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.